பூட்டு இல்லாத ஸ்டாண்ட்

எங்கள் பெரியப்பாவுக்கு எந்தப் பொருளும் சும்மா நிற்கக் கூடாது. நின்றால் அதை மடக்க வழி தேடுவார். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசை சுவரோடு மடங்கும். துணி தேய்க்கும் பலகை அலமாரிக் கதவுக்குள் மடங்கும். நாற்காலிகள் எல்லாம் மடங்கிக் கதவுக்குப் பின்னால் சாய்ந்திருக்கும். யாராவது வந்தால் "உட்காருங்க" என்று சொல்வதற்கு முன்பே சடக்கென்று ஒரு சத்தம் கேட்கும். முதல் தடவை வருகிறவர்கள் விரலை நசுக்கிக்கொள்ளாமல் திரும்பிப் போனது அபூர்வம்.

"இந்த வீட்டிலே இவர் கீல் வைக்காம விட்டது என்னை ஒருத்தியைத்தான்" என்பாள் பெரியம்மா. "எனக்குத்தான் முட்டி மடங்கவே மாட்டேங்குது. அதைப் பார்க்கச் சொன்னா காது கேட்காது."

பட்டறையில் அவர் பெயரே மடக்கு. முதலாளி முதல் லாரியில் சரக்கு ஏற்றுகிறவர் வரை யாருக்கும் அவர் மடக்குதான். வயதில் சின்னவர்கள் ஓர் 'அண்ணன்' சேர்த்துக்கொள்வார்கள். சொந்தப் பெயர் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அது இரும்பு நாற்காலி செய்கிற பட்டறை. பெரியப்பா அங்கே ரிவெட் ஆணி அடிக்கிற ஆளாகத்தான் உள்ளே போனார். அந்தக் காலத்து மடக்கு நாற்காலிக்குப் பக்கவாட்டில் ஒரு கொக்கி இருக்குமாம். அதை மாட்ட மறந்து உட்கார்ந்தால் ஆள் தரையில் கிடப்பார். பெரியப்பா அந்தக் கொக்கியை எடுத்துவிட்டு, கீலைக் கொஞ்சம் இடம் மாற்றினார். உட்காருகிறவருடைய எடையே காலை அகட்டிப் பிடித்துக்கொள்ளும். எழுந்து இருக்கையை மேலே இழுத்தால் மடங்கிவிடும். கொக்கி வேண்டாம், திருகு வேண்டாம், பூட்டு வேண்டாம். அந்த நாற்காலி போகாத பள்ளிக்கூடம் இல்லை, கூட்டம் இல்லை. அதற்குப் பிறகு அவருக்குத் தனி மேசையும் வரைபலகையும் கிடைத்தன. புதிதாக எது செய்வதென்றாலும் அவரிடம்தான் வரும்.

"பூட்டு வெக்கிறவன் வேலை தெரியாதவன். எடை இருக்கு பாரு, அதுதான் பூட்டு." இதை அவர் சொல்லாத நாள் இல்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் அதே பட்டறையில்தான் இருக்கிறேன். பெட்டிக்குள் வைக்கும் காகிதத்தில் 'முதலில் கால்களை விரிக்கவும்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு படம் போடுவது என் வேலை. எழுதுவதைவிடப் பேசுவது அதிகம் என்று பெரியப்பா எனக்கு வாயாடி என்று பெயர் வைத்திருக்கிறார். அவர் என் அம்மாவுக்கு அக்கா புருஷன். எனக்கு இந்த வேலை வாங்கித் தந்தவரும் அவர்தான். அதனால் அவரைப் பற்றி நான் சொல்வதில் பாசமும் இருக்கும், கோபமும் இருக்கும். எது எவ்வளவு என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு நாள் முதலாளி ஒரு வார்ப்பிரும்புச் சாமானைத் தூக்கிக்கொண்டு வந்து பெரியப்பாவின் மேசைமேல் தொப்பென்று வைத்தார். கிறிஸ்துமஸ் மரத்தை நிறுத்தி வைக்கிற ஸ்டாண்ட். அவருக்கு மூச்சு வாங்கியது.

"மடக்கு, இதைப் பார்த்தீங்களா. வருஷத்திலே கொஞ்ச நாளைக்குத்தான் வேணும். மிச்ச நாளெல்லாம் கட்டிலுக்கடியிலே கெடந்து காலை இடிக்குது. இதை மடக்க முடியுமா?"

"முடியுமாவா?" என்றார் பெரியப்பா. அதுதான் பதில்.

அதன் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் விரலால் மூன்று கால் வரைவார். பெரியம்மாவின் குடையைப் பிரித்து ஆராய்ந்து, திரும்பப் பூட்டத் தெரியாத மாதிரி அப்படியே விட்டுவிட்டார். அவள் மழையில் நனைந்துகொண்டு கடைக்குப் போய் வந்தாள். கடைசியில் ஒன்று உருவானது. நடுவில் ஒரு வளையம், அதற்குள் மரத்தின் அடியைக் கவ்விப் பிடிக்கும் பற்கள், வளையத்திலிருந்து கீழே மூன்று கால்கள். மரத்தைச் செருகினால் அதன் எடை வளையத்தை அழுத்தும். அழுத்த அழுத்தப் பற்கள் இறுகும், கால்கள் அகன்று தரையைப் பிடிக்கும். எல்லாம் முடிந்த பிறகு வளையத்தைப் பிடித்து மேலே இழுத்தால் போதும்; உள்ளே இருக்கும் ஸ்பிரிங் மூன்று காலையும் சடக்கென்று ஒன்றாகச் சேர்த்துவிடும். மடங்கியதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்கலாம். உண்மையைச் சொன்னால் அழகான சாமான். நானே பத்துத் தடவை விரித்து மடக்கிப் பார்த்தேன்.

பட்டறையில் மரம் ஏது? எங்களுக்கு எதைச் சோதிப்பதென்றாலும் குழாய்தான். ஆள் உயரக் குழாய் ஒன்றைச் செருகி, உச்சியில் மணல் மூட்டை கட்டி, வெல்டர் அண்ணன் எல்லாப் பக்கமும் நின்று தள்ளினார். அசையவில்லை. குழாயைப் பிடித்துத் தொங்கினார். அப்போதும் அசையவில்லை. பெரியப்பா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி கூரையைப் பார்த்தபடி நின்றார். சந்தோஷம் தாங்காவிட்டால் அவர் அப்படித்தான்.

"பயமா இருக்கு மடக்கு" என்றார் முதலாளி. "எதுக்கும் காலைப் பூட்ட ஒரு சின்ன பின் வெச்சிடலாமா?"

"பின் வெக்கணும்னா வேற ஆளைப் பாருங்க."

முதலாளி அதோடு வாயை மூடிக்கொண்டார். தகடு வெட்டும் வேலை ஆரம்பமாயிற்று.

இந்த இடத்தில் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியப்பாவுக்கு ஒரே மகள். அந்த வருஷம்தான் கல்யாணமாகிப் போயிருந்தாள். மாமியார் தையல் கடை வைத்து, தனியாளாக மகனை வளர்த்தவர். துணியைப் போலவே பேச்சையும் அளந்துதான் வெட்டுவார். எங்கள் அக்காவோ எதை எடுத்தாலும் கீழே போடுகிற ரகம். போன புதிதிலேயே ஒரு கண்ணாடி ஜாடியை உடைத்தாள், இஸ்திரிப் பெட்டியைத் தவறவிட்டாள். அந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததுதான் அவளுக்குப் பெரிய பயமாக இருந்தது.

"திட்டிட்டாக்கூடத் தேவலைடி" என்று என்னிடம் சொல்வாள். "அவங்க பேசாம துடைப்பத்தை எடுத்துட்டு வர்றாங்க. நான் கையாலாகாதவள்னு முடிவு பண்ணிட்டா அப்புறம் மாத்தவே முடியாது. இந்த வீட்டிலே எப்படியாவது நல்ல பேர் எடுக்கணும்."

கிறிஸ்துமஸ் மரம் நிறுத்துகிற அன்று சம்பந்தியம்மா எங்கள் எல்லோரையும் கூப்பிட்டிருந்தார். அவர்கள் வீடு மாடியில். பெரியம்மாவுக்கு முட்டி ஒத்துழைக்கவில்லை. எனக்கு லேசான காய்ச்சல், பெரியம்மாவோடு இருந்துவிட்டேன். ஆகவே பெரியப்பா மட்டும், முதன்முதலில் செய்த ஸ்டாண்டுக்குச் சிவப்பு வர்ணம் பூசி, ஒரு பையில் போட்டுக்கொண்டு போனார். போகும்போது அவர் வைத்திருந்த முகத்தை என்னால் மறக்க முடியாது. மகளுக்குச் செய்யும் சீர் அது ஒன்றுதான் என்பது போல அந்தப் பையைப் பிடித்திருந்தார்.

மறுநாள் காலை என் மேசைக்கு வந்து நின்றார். முகம் சவரம் செய்யாமல் இருந்தது.

"வாயாடி, ஸ்டாண்டுக் காகிதத்திலே ஒரு வரி சேர்க்கணும்."

"சொல்லுங்க."

"'மரத்தை வைத்த பிறகு தூக்கவோ திருப்பவோ கூடாது.' பெருசா வேணாம். கீழே ஓரமா, சின்ன எழுத்திலே."

எனக்குச் சிரிப்பு வந்தது. "மரத்தை வெச்சுட்டுத் திருப்பாதவங்க யாரு பெரியப்பா? எந்த மரத்துக்கும் ஒரு பக்கம் மொட்டையாத்தான் இருக்கும். அதைச் சுவத்துப் பக்கமாத் திருப்ப வேணாமா? வீடே கூடி நின்னு இப்படித் திருப்பு, இல்ல அப்படித் திருப்புன்னு..."

பாதியில் நிறுத்திவிட்டேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அவரை மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சாமான் அறைக்கு அழைத்துக்கொண்டு போனேன். வாயைப் பிடுங்குவதில் நான் கெட்டிக்காரி. ஆனால் அன்றைக்குப் பிடுங்கவே வேண்டியிருக்கவில்லை, அவரே கொட்டிவிட்டார்.

அங்கே போனதும் ஸ்டாண்டை எடுத்து நடு அறையில் சடக்கென்று விரித்திருக்கிறார். "பாருங்க சம்பந்தியம்மா. பூட்டே கிடையாது. மரத்தோட எடைதான் பூட்டு" என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை மரத்தைத் தூக்கிவந்து செருகினார். மலை மாதிரி நின்றது. கண்ணாடி உருண்டைகளைத் தொங்கவிட்டார்கள். சம்பந்தியம்மா நான்கடி பின்னால் போய் நின்று பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. அந்த மொட்டைப் பக்கம்தான் முன்னாலே தெரியுது" என்றார். நல்ல பேர் எடுக்கத் துடித்துக்கொண்டிருந்த அக்கா, "நான் திருப்பறேன் அத்தை" என்று ஓடிப்போய், மரத்தைக் கட்டிப்பிடித்து, துளி உயர்த்தி, திருப்பினாள்.

பற்கள் கவ்வியிருந்த வளையமும் மரத்தோடு மேலே வந்தது; சடக்கென்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைப் பெரியப்பாவுக்குத் தூக்கத்திலும் தெரியும்.

அக்கா மரத்தைக் கீழே வைத்தபோது அதற்குக் கால் இல்லை. மூன்று காலும் மூடிய குடை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. மரம் அப்படியே சரிந்து, சுவரோரம் இருந்த கண்ணாடி அலமாரியின் மேல் விழுந்தது. கதவு நொறுங்கியது. கண்ணாடிச் சில்லு ஒன்று சம்பந்தியம்மாவின் காலைக் கிழித்துவிட்டது. தையல் மிஷினை மிதிக்கிற கால்.

நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது அவரை உட்கார்ந்த வாக்கிலேயே தூக்கித் திருப்பி வைப்பார் யாரும் இல்லை. ஆகவே ஆயுள் முழுக்க நாற்காலி செய்த மனிதருக்கு அது தோன்றவே இல்லை. எங்களில் யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் நாங்கள் குழாயை வைத்துச் சோதித்தோம். குழாய்க்கு ஏது முன்பக்கமும் பின்பக்கமும்? இதுவரை நடந்ததில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தப்புக் கணக்குப் போடாத ஆள் யார்? அதற்கு அப்புறம் நடந்ததைச் சொல்லும்போதுதான் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மாப்பிள்ளை என்னைப் பார்த்து, 'என்ன மாமா, ஸ்டாண்டு எப்படி'ன்னு ஆரம்பிச்சார். அதுக்குள்ளே உன் அக்கா குறுக்கே வந்து, 'தப்பு என்னோடதுதான். நான்தான் பூட்டைச் சரியாப் போடலை'ன்னுட்டா."

"எந்தப் பூட்டை?"

அவர் அங்கே கிடந்த ஒரு பழைய கீலை எடுத்து விரித்து மடக்கினார்.

"அதுலே பூட்டே இல்லையே பெரியப்பா."

"இல்லைதான். ஆனா அது அவங்களுக்கு என்ன தெரியும்? துணி தைக்கிறவங்க. இரும்பு சமாச்சாரம் புரியாது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நானா?" என்று தன் கையைப் பார்த்தார். "நான் ஸ்டாண்டை எடுத்துப் பையிலே வெச்சேன்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பெரியவர் என்பதால் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்த ஒரு வரியை எழுத முடியாது என்று மட்டும் சொன்னேன். "உங்க மகளே திருப்பிட்டா. இந்தக் காகிதம் ஊர்லே யாரைத் தடுக்கப் போகுது? விழுந்ததும் நீங்க படிக்கலையான்னு அவங்களைத்தான் கேட்பாங்க." அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். சரி என்று ஆட்டினாரா, போடி என்று ஆட்டினாரா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் மனிதர் கூனிக் குறுகிப் போனார். வரைபலகையில் பழைய தாளே இருந்தது. யாராவது "மடக்கு அண்ணே" என்று கூப்பிட்டால் திடுக்கிட்டுத் திரும்பினார். சாப்பாட்டு நேரத்தில் தன் நாற்காலியை விரிக்காமல் ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்தார்; தான் செய்ததன் மேல் உட்காரக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் முதலாளியிடமும் ஒன்றும் சொல்லவில்லை. வெட்டிய தகடுகள் ஒரு மூலையில் ஏறிக்கொண்டே இருந்தன. தன்னால் மகளுக்குக் கெட்ட பேர் வந்துவிட்டது, தானே வாயை மூடிக்கொண்டிருந்து அதை வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்பது அவருக்குத் தெரியும். அதைப் போய்ச் சொல்வதென்றால் 'பூட்டு வேண்டாம்' என்ற அந்த ஒற்றைப் பேச்சையும் திரும்ப வாங்க வேண்டும். அந்தப் பேச்சு போனால் தன்னிடம் என்ன மிஞ்சும் என்று பயந்தார். என்னிடமே அப்படிச் சொன்னார்.

ஒரு சாயங்காலம் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பெரியம்மா அடுப்பங்கரை வாசலில் நின்று அக்காவோடு போனில் பேசினாள். கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். பெரியப்பா அவளிடமும் உண்மையைச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"உனக்கு எத்தனை தடவைடி சொல்லியிருக்கேன், கையிலே கவனம் வேணும்னு? அப்பா பார்த்துப் பார்த்துப் பண்ணிட்டு வந்த சாமான். அதை ஒழுங்கா மாட்டத் தெரியலையா உனக்கு? அந்தம்மா கடைக்குப் போக முடியாமக் கெடக்குறாங்க. அப்பன் பேரையே கெடுத்திட்டியே."

நான் பெரியப்பாவைப் பார்த்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். இப்போதாவது சொல்வார், இதோ வாயைத் திறக்கிறார் என்று நினைத்தேன். திறந்தார், ஒரு கவளத்தை உள்ளே போட்டுக்கொண்டார்.

போனில் அக்காவின் குரல் வந்தது. "சரிம்மா. இனிமே ஜாக்கிரதையா இருக்கேன்." பிறகு, "அப்பா சாப்பிட்டாரா?" என்று கேட்டாள்.

பெரியப்பா தட்டோடு எழுந்துவிட்டார். கை கழுவுகிற இடத்தில் தண்ணீர் ஓடுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. பெரியம்மா எட்டிப் பார்த்து, "என்னங்க, கையைக் கழுவுறீங்களா, தேய்ச்சே எடுத்திடப் போறீங்களா?" என்றாள். நான் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்காக எனக்கே அவமானமாக இருந்தது.

மறுநாள் பட்டறை திறந்ததும் அவர் குழாயை எடுத்து ஸ்டாண்டில் செருகினார். உச்சியில் மணல் மூட்டையைக் கட்டினார். "எல்லாரும் கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டார். முதலாளியும் வந்தார், கையில் டீயோடு.

"தள்ளிப் பார்த்தோம், விழலை. தொங்கிப் பார்த்தோம், விழலை" என்றார். பிறகு குழாயைக் கட்டிப்பிடித்து, ஒரு விரற்கடை உயர்த்தி, திருப்பி, கையை விட்டார். குழாய் தடதடவென்று சாய்ந்தது. மூட்டை வெடித்து மணல் முதலாளியின் செருப்பெல்லாம் கொட்டியது. "மரம்னா திருப்புவாங்க. நான் அதை நினைக்கலை. இது என் மக வீட்டிலே விழுந்து அவ மாமியார் காலை வெட்டிடுச்சு. இதுக்குப் பூட்டு வேணும்."

முதலாளி செருப்பைக் கழற்றி மணலை உதறினார்.

"அவ்வளவுதானே மடக்கு? ஒரு பின் போட்டா நிக்குமா?"

"நிக்கும்."

"போடுங்க. நான்தான் அப்பவே கேட்டேனே" என்று சொல்லிவிட்டு, டீ ஆறுவதற்குள் குடிக்கப் போய்விட்டார். வெல்டர் அண்ணன் துடைப்பத்தை எடுத்து மணலைக் கூட்டினார்.

பெரியப்பா அதே இடத்தில் நின்றார். உலகமே இடிந்து விழும் என்று நினைத்திருந்தார் பாவம். யாரும் சிரிக்கவில்லை, யாரும் அவரை இறக்கிப் பேசவில்லை. இத்தனை நாளாக எதைக் காப்பாற்றுவதற்காக மகளைக் காட்டிக்கொடுத்தாரோ, அதை அங்கே யாரும் பெரிதாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "இவ்வளவுதானா வாயாடி?" என்று என்னிடம் கேட்டார். திட்டு வாங்கியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

காலும் வளையமும் சேருமிடத்தில் ஒரு துளை போட்டு, அதில் குறுக்கே ஒரு பின்னைச் செருகினார். தொலைந்துபோகாமல் இருக்க அதை ஒரு சின்னச் சங்கிலியில் மாட்டினார். பார்க்க ஒரு லட்சணமும் இல்லை. ஆனால் குழாயை எப்படித் தூக்கினாலும் கால் மடங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை என்னையும் கூப்பிட்டுக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போனார். "நீ எதுக்குன்னா, நான் பாதியிலே மென்னு முழுங்கினா நீ சொல்லிடு" என்றார். படியேறும்போது இரண்டு இடத்தில் நின்றார். அவருக்கு முட்டிவலி கிடையாது.

அக்காதான் கதவைத் திறந்தாள். அப்பாவையும் பையையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளே மரம் ஒரு வாளியில், கல்லை அடைத்து, கொஞ்சம் சாய்ந்தாற்போல நின்றுகொண்டிருந்தது. அலமாரிக்குக் கதவு இருந்த இடத்தில் ஒரு பூப்போட்ட துணி தொங்கியது. சம்பந்தியம்மா காலை ஒரு முக்காலியில் நீட்டி, மடியில் ஒரு சட்டையை வைத்துக் கையால் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சம்பந்தி. உட்காருங்க."

பெரியப்பா உட்காரவில்லை. ஸ்டாண்டை வெளியே எடுத்தார். இந்தத் தடவை சடக்கென்று விரிக்காமல், ஒவ்வொரு காலாகக் கையால் பிரித்து, பின்னைச் செருகினார். மாப்பிள்ளையும் அவருமாக மரத்தை வாளியிலிருந்து எடுத்து அதில் வைத்தார்கள். பிறகு பெரியப்பா மரத்தைக் கட்டிப்பிடித்து, உயர்த்தி, மொட்டைப் பக்கத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தார். நின்றது. ஊசியிலைகள் அவர் சட்டையெல்லாம் ஒட்டியிருந்தன.

"சம்பந்தியம்மா" என்றார். "அன்னிக்கு விழுந்தது என் தப்பு. அவ மேலே ஒரு தப்பும் இல்லை. அவ பூட்டைப் போடலைன்னு சொன்னது நிஜம் இல்லை. அதுலே பூட்டே இல்லை. இப்பத்தான் வெச்சேன்."

நான் ஒன்றும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை.

சம்பந்தியம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். ஊசியைச் சட்டையின் ஓரத்தில் குத்திவைத்தார்.

"பூட்டே இல்லைன்னு எங்களுக்குத் தெரியுமே சம்பந்தி. நீங்கதானே சொன்னீங்க. ஒரு தடவைக்கு ரெண்டு தடவையா."

பெரியப்பாவின் கை மரத்திலேயே இருந்தது.

"உங்க பொண்ணு அப்படிச் சொன்னதும் நாங்க யாரும் அவளைப் பார்க்கலை" என்றார் அந்த அம்மா. குரலில் கோபம் இல்லை. துணியில் எங்கே வெட்டுவது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். "உங்களைத்தான் பார்த்தோம். நீங்க பைக்கு ஜிப்பு போட்டுட்டு இருந்தீங்க. போகட்டும், விடுங்க. உங்க பொண்ணு நல்ல பொண்ணு. அதை அன்னிக்கே தெரிஞ்சுக்கிட்டோம். நிக்காதீங்க, உட்காருங்க. காபி கொண்டு வரச் சொல்றேன்."

அவர் உட்கார்ந்தார். காபி வந்தது, குடித்தார். மாப்பிள்ளை வேலையைப் பற்றி ஏதோ கேட்டார், பதில் சொன்னார். அந்த வீட்டில் யாரும் அவரை ஒரு சொல் சொல்லவில்லை. இத்தனை நாளும் அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தவர் இவர் ஒருவர்தான். துணி தைக்கிறவர்களுக்கு என்ன புரியும் என்று என்னிடம் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், ஏனென்றால் என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

கிளம்பும்போது அக்கா படி வரைக்கும் வந்தாள். நான் இரண்டு படி கீழே நின்றேன். பெரியப்பா காலிப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"அவங்களுக்குத் தெரியும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ப்பா."

"நம்ப மாட்டாங்கன்னு தெரிஞ்சும் எதுக்கும்மா அப்படி ஒரு பொய்? என்னைக் காப்பாத்தவா?"

அக்கா கதவைக் கொஞ்சம் சாத்திக்கொண்டாள், உள்ளே கேட்காதபடி.

"இல்லப்பா. நான் அப்படிச் சொன்னா, 'சே, அவ மேலே என்ன தப்பு'ன்னு நீங்க உடனே சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன்."

பெரியப்பா பையை இரண்டாக மடித்தார். நான்காக மடித்தார். அதற்கு மேல் அது மடங்கவில்லை. அப்புறமும் மடிக்கப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பார்த்து இறங்குங்கப்பா, படி வழுக்கும்" என்றாள் அக்கா.